யூகேஜி சைட் வேர்ட்ஸ்: கார்டில் மளமளவென்று சொல்கிறாள், புத்தகத்தில் திணறுகிறாள்

நொய்யல்கரை:
வணக்கம். மகள் கோவையில் யூகேஜி படிக்கிறாள். வெள்ளிக்கிழமை ஆனால் டைரியில் 'சைட் வேர்ட்ஸ்' (பார்த்தவுடன் படிக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள்) என்று ஒரு பட்டியலை ஒட்டி அனுப்புவார்கள், திங்கட்கிழமை மிஸ் கேட்பார். நானும் அட்டையில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு கார்டாகக் காட்டிப் படிக்க வைக்கிறேன். கார்டைக் காட்டினால் மளமளவென்று சொல்கிறாள். அதே சொல் கதைப் புத்தகத்தில் வந்தால் முழிக்கிறாள். 'வாஸ்' (டபிள்யூ-ஏ-எஸ்) என்பதைத் திருப்பி 'சா' (எஸ்-ஏ-டபிள்யூ) என்கிறாள், 'செட்' (எஸ்-ஏ-ஐ-டி, சொன்னாள்) என்பதை 'சேட்' என்கிறாள், 'ஹவுஸ்' என்று இருக்கும் இடத்தில் 'ஹார்ஸ்' என்று சொல்லிவிட்டுக் குதிரை எங்கே என்று படத்தில் தேடுகிறாள். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. 'தேர்' (ஆங்கிலத்தில் 'அங்கே') என்று எழுதிய கார்டின் மூலை மடங்கியிருக்கிறது, அந்த மடிப்பைப் பார்த்துத்தான் சொல்கிறாளோ என்று. அவள் அப்பா, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுத வை, தானாக வரும் என்கிறார். அவளுக்குப் பென்சிலைப் பிடித்தாலே இப்போது அழுகை வருகிறது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(தமிழ் கீபோர்டில்தான் அடிக்கிறேன், ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதுவது கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பழையசோறு:
நாங்கள் எல்லாம் 'சி-ஏ-டி கேட், கேட்டுன்னா பூனை' என்று வகுப்பே அதிரக் கத்தித்தான் படித்தோம். எழுத்தொலியைக் கூட்டிப் படிக்கும் ஃபோனிக்ஸ் எல்லாம் யார் கண்டது? இன்று வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் அடிக்கிறோமா இல்லையா? உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. எழுத வையுங்கள்.

சாக்பீஸ்:
மடங்கிய மூலையைக் கவனித்தீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். நான் விழுப்புரம் பக்கம் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஃபிலிப் கஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். சில சொற்களைக் கார்டில் கற்றுக்கொடுத்தார், ஒரு கார்டில் மட்டும் பெருவிரல் ரேகைக் கறை இருந்தது. அந்தக் கார்டின் சொல்லைத்தான் குழந்தைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் கறை இல்லாத கார்டில் அதே சொல்லைக் காட்டினால் பலருக்குத் தெரியவில்லை. சொல்லே இல்லாமல் கறையை மட்டும் காட்டினாலோ, அந்தச் சொல்லைச் சொன்னார்கள்! உங்கள் மகளும் படிக்கவில்லை, அடையாளம் வைத்துக்கொள்கிறாள். அது புத்திசாலித்தனம்தான், ஆனால் வாசிப்பு இல்லை.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936இல் வெளியிட்ட பட்டியல் அது, 220 சொற்கள். பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது, அவற்றுக்குத் தனியாக 95 சொற்கள் வைத்தார். அப்புறம் எட்வர்ட் ஃப்ரை 1957இல் இன்னொரு பட்டியல் போட்டார், அதைப் பின்னால் 1000 சொற்கள் வரை நீட்டினார். முதல் 100 சொற்களே அச்சில் வருவதில் ஏறத்தாழப் பாதி என்பது ஃப்ரையின் கணக்கு. நம் ஊர்ப் பள்ளிகள் ஒட்டி அனுப்பும் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து எடுத்தவைதான். அடிக்கடி வரும் சொற்கள் என்பதுதான் இவற்றுக்குள் உள்ள ஒரே ஒற்றுமை. ஒலிப்படி படிக்க முடியாத சொற்கள் என்று அர்த்தம் இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் எல்லாவற்றையும் படம் மாதிரி மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

டால்ச்சின் முதல் படிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிக், கேன், ஹெல்ப், இன், இட், ஜம்ப், நாட், ரெட், ரன், அப் எல்லாம் அதில் இருக்கின்றன. எழுத்தொலி தெரிந்த பிள்ளை இவற்றைக் கூட்டிப் படித்துவிடும், கார்டே வேண்டாம். அதனால் வெள்ளிக்கிழமை வரும் பட்டியலை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: கூட்டிப் படிக்க முடிகிறவை, ஓர் இடத்தில் முரண்டு பிடிக்கிறவை. இரண்டாவது குவியல் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கும்.

அந்த இரண்டாவது குவியலுக்கும் ஒரு முறை உண்டு. 'செட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கார்டைக் காட்டாதீர்கள். முதலில் வாயால் சொல்ல வையுங்கள், 'அம்மா செட் கம்' என்று ஒரு வாக்கியத்தில். அடுத்து எத்தனை ஒலி என்று விரல் மடக்கி எண்ண வையுங்கள்: ஸ், எ, ட். மூன்று. ஸ்லேட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் எஸ், கடைசியில் டி, இவை இரண்டையும் அவளே எழுதிவிடுவாள். நடுவில் 'எ' ஒலிக்கு இ என்ற எழுத்தைத்தான் எழுதப் போவாள், அவள் கணக்குப்படி அது சரிதான். அங்கே நிறுத்தி, "இந்தச் சொல்லில் மட்டும் இந்த ஒலிக்கு ஏ-ஐ என்று இரண்டு எழுத்து போடுவார்கள்" என்று சொல்லி, அந்தக் கட்டத்துக்கு மேலே ஒரு சின்ன இதயம் வரையுங்கள். அந்த ஓர் இடத்தைத்தான் நினைவில் வைக்க வேண்டும், முழுச் சொல்லையும் இல்லை. பிறகு அழித்துவிட்டு ஒரு முறை பார்க்காமல் எழுதட்டும். உடனே கதைப் புத்தகத்தில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பத்து முறை எழுதுவது வேண்டவே வேண்டாம், நாலாவது முறைக்கு மேல் கை மட்டும்தான் எழுதும், காது தூங்கிவிடும்.

டீக்கடை_பெஞ்ச்:
டீச்சர், நல்லாத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஆங்கிலம் ஒலிப்படி எழுதுகிற மொழியா? ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று படிக்கலாம் என்று ஒரு பழைய ஜோக் இருக்கிறதே. 'இனஃப்' என்பதில் ஜி-எச் 'ஃப்' ஆகிறது, 'விமன்' என்பதில் ஓ 'இ' ஆகிறது, 'நேஷன்' என்பதில் டி-ஐ 'ஷ்' ஆகிறது. இப்படிப்பட்ட மொழியில் என்ன ஒலி, என்ன விதி? ஒவ்வொன்றையும் மனப்பாடம்தான்.

சாக்பீஸ்:
ஜோக் நல்ல ஜோக்தான், ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த யாரிடமாவது அந்த ஐந்து எழுத்தைக் காட்டிப் பாருங்கள். 'கோட்டி' என்றுதான் படிப்பார்கள், மீன் என்று படிக்க மாட்டார்கள். ஜி-எச் சொல்லின் முதலில் வந்தால் 'ஃப்' ஆகாது, 'கோஸ்ட்' மாதிரி 'க' தான். டி-ஐ 'ஷ்' ஆவது 'ஷன்' என்று முடிகிற மாதிரி சொல் நடுவில்தான். விதி இருப்பதால்தான் அது ஜோக்காகவே இருக்கிறது.

'வாஸ்' ரொம்ப மோசமான சொல் என்பார்கள். டபிள்யூவுக்குப் பின் வரும் ஏ பல இடங்களில் அப்படித்தான் ஒலிக்கும்: வான்ட், வாஷ், வாட்ச், வாட். கடைசி எஸ்ஸும் இஸ், ஹிஸ், ஹேஸ், ஏஸ் மாதிரி இஸட் எழுத்தின் ஒலிதான். அது இரண்டு குடும்பத்துக்குச் சொந்தக்காரச் சொல், அநாதை இல்லை. ஹேவ், கிவ், லிவ் கடைசியில் ஏன் இ இருக்கிறது? ஆங்கிலச் சொற்கள் வி எழுத்தில் முடிவதில்லை, அதனால் வால் ஒட்டியிருக்கிறது. 'டூ' என்ற இரண்டில் நடுவில் டபிள்யூ எதற்கு என்று பிள்ளை கேட்டால் டுவின், டுவைஸ், டுவெல்வ், டுவென்டி எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், இரண்டு சம்பந்தப்பட்ட இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, இவற்றில் சத்தமாக வருகிறது, 'டூ'வில் மட்டும் வாயை மூடிக்கொண்டது. இப்படி ஒரு காரணம் கிடைத்தால் பிள்ளைக்கு அது ஒட்டிக்கொள்ளும்.

உண்மையிலேயே தனியாக நிற்பவை கொஞ்சம்தான். 'ஆஃப்' என்ற ஓ-எஃப், 'ஒன்' என்ற ஓ-என்-இ, இந்த மாதிரி. அவற்றை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

தேம்ஸ்_தமிழன்:
லண்டனில் இருந்து எழுதுகிறேன். என் பையன் பள்ளியின் முதல் வருடமான ரிசப்ஷன் முடித்து இயர் 1, அதாவது ஒன்றாம் வகுப்பு. இங்கே டீச்சர் சொன்ன முறைதான் அரசாங்கமே வைத்திருக்கிறது. 2006இல் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி ஜிம் ரோஸ் அறிக்கை வந்த பிறகு, ஒலிகளைக் கூட்டிப் படிக்கும் முறைதான் முதல் வழி என்று ஆக்கிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் இரண்டாவது குவியலுக்கு 'டிரிக்கி வேர்ட்ஸ்' என்று பெயர். அதிலும் ஒரேயடியாகக் கொட்ட மாட்டார்கள். 2007இல் அரசு வெளியிட்ட திட்டத்தில் முதலில் தி, டு, ஐ, நோ, கோ, இன்டு இவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் ஹி, ஷி, வி, மி, பி, வாஸ், மை, யூ, தே, ஹர், ஆல், ஆர். 'செட்' அதற்கும் அடுத்த கட்டம். யூகேஜி பிள்ளைக்கு ஒரு வாரத்தில் பட்டியல் நிறையக் கொடுப்பது இங்கே பார்க்காத விஷயம்.

2012 முதல் இயர் 1 முடிவில் ஜூன் மாதம் ஒரு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்கள். அதில் 20 அர்த்தமே இல்லாத சொற்கள், பக்கத்தில் வேற்றுக்கிரகவாசிப் படம் போட்டிருப்பார்கள். பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அந்தச் சொல்லை யாரும் எங்கேயும் பார்த்திருக்கவே முடியாது. என் பையனுக்கு அந்த வேற்றுக்கிரகச் சொற்கள்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது, வீட்டில் தங்கைக்கு அந்தப் பெயரெல்லாம் வைத்துக் கூப்பிடுகிறான்.

பழையசோறு:
லண்டன்காரர் சொல்வது லண்டன் பிள்ளைக்குச் சரி, அது வீட்டிலேயே ஆங்கிலம் பேசும். நம் பிள்ளைக்கு அந்த மொழியே தெரியாதே, ஒலியைக் கூட்டி என்ன கண்டுபிடிக்கும்?

மலைக்கோட்டை:
பழையசோறு ஐயா இப்போது கேட்டதுதான் இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத கேள்வி. நான் திருச்சியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், பெரும்பாலும் தமிழ்வழிப் பிள்ளைகள்.

'ஜம்ப்' என்று கூட்டிப் படித்ததும் பிள்ளைக்குப் பொறி தட்டும், ஏனென்றால் அந்தச் சொல்லைக் காதால் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 'ஆஃப்' என்று கூட்டிப் படித்தால் எதுவும் தட்டாது. தமிழில் அது தனிச் சொல்லே கிடையாது, வேற்றுமை உருபாக ஒட்டிக்கொண்டு போய்விடும், பல இடத்தில் அதுகூட இல்லை. 'ஒரு கப் டீ' என்கிறோம், நடுவில் என்ன இருக்கிறது? 'தி' என்பதற்கு நம்மிடம் ஈடே கிடையாது. 'இஸ்' இன்னும் வேடிக்கை. "இது பூனை" என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது, 'இஸ்' தேவையே இல்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் 'திஸ் இஸ் எ கேட்' என்று எழுதியிருப்பதை 'திஸ் கேட்' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். கண் பார்க்கிறது, மனசு அதை வேண்டாத சாமான் என்று ஒதுக்குகிறது. அதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம்.

டால்ச் பட்டியலில் பெயர்ச்சொல்லே இல்லை என்று டீச்சர் சொன்னாரே, அமெரிக்கப் பிள்ளைக்கு அது உதவி, நம் பிள்ளைக்கு அதுதான் சிக்கல். கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நான் சின்னச் சொற்களைத் தனிக் கார்டில் எழுதுவதே இல்லை. தொடராக எழுதுவேன்: 'எ கப் ஆஃப் டீ', 'ஆன் தி டேபிள்', 'அன்டர் தி பென்ச்', 'கம் வித் மி'. டேபிள் மேல் ரப்பரை வைத்து 'ஆன் தி டேபிள்', கீழே போட்டு 'அன்டர் தி டேபிள்'. முதலில் வாயில் பழகட்டும். பேச்சில் பழகிய தொடரைக் காகிதத்தில் காட்டி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிக்க வைத்தால், 'தி' எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தானாகத் தெரிகிறது.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றி டீச்சர், மலைக்கோட்டை சார். இன்று 'செட்' சொல்லுக்குக் கட்டம் போட்டோம், இதயம் வரைவது அவளுக்குப் பிடித்துப்போய் எல்லா எழுத்துக்கும் இதயம் போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் கூட்டிப் படிப்பதிலேயே ஒரு சிக்கல். 'கேட்' என்று படிக்கச் சொன்னால் 'கு... ஏ... டு' என்கிறாள், சேர்த்துச் சொல் என்றால் 'குவேடு' என்று என்னவோ வருகிறது. இதை எப்படிச் சரி செய்வது?

சாக்பீஸ்:
இது நம் வாய்க்கே உள்ள பழக்கம்மா. மெய்யில் முடிகிற வெளிநாட்டுச் சொல் எது வந்தாலும் ஓர் உகரம் ஒட்டி 'புக்கு', 'பஸ்ஸு', 'கேட்டு' என்றுதான் சொல்வோம். எழுத்தொலியையும் அப்படியே 'கு', 'டு', 'பு' என்று கற்றுக்கொண்டால் கூட்டவே முடியாது, நடுவில் உகரம் வந்து மறித்துக்கொள்ளும்.

ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. புள்ளி வைத்த எழுத்தும் உயிரெழுத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும் அல்லது சீக்கிரம் தெரியப் போகிறது: க் + ஆ = கா. உயிர்மெய் அட்டவணை முழுக்க இந்தக் கூட்டல்தான். ஆங்கிலத்தில் கூட்டிப் படிப்பதும் அதேதான் என்று சொல்லிக் காட்டுங்கள். அதிலும் ஒரு குழி இருக்கிறது, தமிழ் மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று முன்னால் இகரம் போட்டுச் சொல்லிப் பழகியிருப்பார்கள், அதுவும் வேண்டாம். குரலே எழாமல் தொண்டையில் 'க்' என்று மட்டும் வரட்டும். ஸ், ம், ன், ஃப், ல் மாதிரி இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்கும் சொற்களை முதலில் எடுங்கள்: 'ஸ்ஸ்ஸ்-அன்', 'ம்ம்ம்-ஏப்'. இழுத்துக்கொண்டே அடுத்த ஒலிக்குப் போனால் நடுவில் உகரம் நுழைய இடம் கிடைக்காது. க், ட், ப் தொடங்குகிற சொற்கள் அப்புறம்.

'சி-ஏ-டி கேட்' பற்றியும் சொல்லிவிடுகிறேன், பழையசோறு அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். 'சி', 'ஏ', 'டி' என்பவை எழுத்துகளின் பெயர்கள், அந்த மூன்று பெயரையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'கேட்' வராது. உங்கள் வகுப்பில் படித்து மேலே வந்தவர்கள் அந்தப் பாட்டைத் தாண்டித் தாங்களாகவே ஒலியைக் கண்டுபிடித்தவர்கள். கண்டுபிடிக்காதவர்கள் எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டார்கள், அவர்கள் இந்த இழைக்கு வந்து எழுதப் போவதில்லை.

பழையசோறு:
அது சரிதான் தங்கச்சி. எங்கள் பெஞ்சிலேயே இரண்டு பேர் அப்படி நின்றார்கள்.

ஸ்காபரோ:
வணக்கம், நான் கனடாவில ஒன்ராறியோவில் இருக்கிறன். எங்கட பிள்ளையள் படிக்கத் தொடங்கின காலத்தில இங்கே வேறு மாதிரி. சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், என்ன பொருந்தும் எண்டு யோசி என்றுதான் ரீச்சர்மார் சொல்லிக் குடுப்பினம். மூத்தவன் அதில நல்லாத் தேறிவிட்டான் எண்டு நினைத்தோம், பக்கம் பக்கமாக வாசிப்பான். ஒருநாள் படத்தைக் கையால் மூடிவிட்டு வாசி எண்டு கேட்டால் ஒன்றும் இல்லை. புத்தகத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறான்! நொய்யல்கரை, உங்கட மகள் 'ஹவுஸ்' சொல்லைக் குதிரை எண்டு சொல்லிப் படத்தைத் தேடுகிறதும் அதேதான்.

2022இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு வாசிப்பு உரிமை பற்றி ஒரு பெரிய அறிக்கை விட்டது. இந்த ஊகித்து வாசிக்கிற முறையை நிற்பாட்டி, ஒலிகளை முறையாகப் படிப்பியுங்கோ எண்டு சொன்னது. அடுத்த வருசமே பாடத்திட்டத்தையும் மாற்றினவை. இளையவளுக்கு அந்தப் புதுப் பாடத்திட்டம் கிடைத்தது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது. நான் சொல்ல வாறது என்னெண்டால், படம் உள்ள புத்தகம் வேண்டாம் எண்டு இல்லை, கதையை ரசிக்கப் படம் வேணும், ஆனால் சொல்லைக் கண்டுபிடிக்கப் படத்தைக் கேட்கிற பழக்கத்தை மட்டும் விடப் பண்ணுங்கோ. தெரியாத சொல்லில் நின்றால் "என்னவா இருக்கும்?" எண்டு கேளாமல், "எழுத்தைப் பார், என்ன சத்தம்?" எண்டு கேளுங்கோ.

டீக்கடை_பெஞ்ச்:
கனடா அக்கா சொன்னதைப் படித்ததும் என் அக்கா மகனுக்குப் படத்தை மூடிப் பார்த்தேன். அடப்பாவி. அப்படியே இருக்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி. நாம் யாரும் இப்போது ஒலியைக் கூட்டிக்கூட்டிப் படிப்பதில்லையே, பார்த்தவுடன் முழுச் சொல்லாகத்தானே தெரிகிறது? அப்படியென்றால் முழுச் சொல்லாகவே கற்றுக்கொடுப்பதில் என்ன தப்பு?

தேம்ஸ்_தமிழன்:
இதே கேள்வியை நான் இங்கே பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன், அப்புறம் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். லின்னியா ஏரி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதில்தான் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். அவர் சொல்வதன்படி, பார்த்தவுடன் தெரிவது கடைசியில் வரும் நிலை, அந்த நிலைக்குப் போகும் வழி ஒலிதான். சொல்லின் ஒவ்வோர் ஒலிக்கும் எந்த எழுத்து என்று ஒரு முறை பொருத்திப் பார்த்துவிட்டால் எழுத்தும் ஒலியும் அர்த்தமும் ஒன்றாகக் கட்டப்பட்டு மனசில் உட்கார்ந்துவிடுகின்றன, அதற்குப் பிறகு சில முறை பார்த்தாலே போதும், பார்த்ததும் தெரிகிறது. ஆக, நீங்களும் நானும் படிக்கிற எல்லாச் சொல்லுமே நமக்கு சைட் வேர்ட்தான், 'எலிஃபன்ட்' உட்பட. பட்டியலில் இருப்பவை மட்டும் இல்லை. ஒலியைப் பொருத்தாமல் உருவத்தை மட்டும் பிடித்தால் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் வேர், வெர், தேர், ஹியர் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிடும்.

சாக்பீஸ்:
அந்தக் கடைசிக் கூட்டத்துக்கு ஒரு வழி. எச்-இ-ஆர்-இ (ஹியர்) என்ற நாலு எழுத்தையும் எழுதி, முன்னால் டி போட்டால் தேர், டபிள்யூ போட்டால் வேர். இங்கே, அங்கே, எங்கே. மூன்றும் இடத்தைச் சொல்கிறவை, மூன்றிலும் அந்த நாலு எழுத்தும் இருக்கும். 'வெர்' இடத்தைச் சொல்லாது, அதில் எச் இல்லை. இரண்டாம் வகுப்பில் இதைச் சொன்னால் போதும், பிறகு குழம்புவது குறைந்துவிடுகிறது. ஒரே மாதிரி இருக்கிற சொற்களை ஒரே வாரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள், இது பட்டியல் தயாரிக்கிற பள்ளிகளுக்கும்தான். 'வாஸ்' நன்றாகப் பதிந்த பிறகு 'சா' வரட்டும்.

பூவரசு:
'வாஸ்' சொல்லை 'சா' என்று படிப்பது டிஸ்லெக்சியாவாக (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்குமோ? என் மகனும் அப்படித்தான், பி-யும் டி-யும்கூட மாறுகிறது. மாமியார் வேறு பயமுறுத்துகிறார். முதல் வகுப்பு முடிக்கப் போகிறான்.

மலைக்கோட்டை:
இந்த வயதில் அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம் சகோதரி. எழுத்துகள் திரும்பிப் போவது படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலருக்கும் சாதாரணம். ஒரு பூனையை எந்தப் பக்கம் திருப்பினாலும் பூனைதான், எழுத்து மட்டும் திருப்பினால் வேறு எழுத்தாகிறது, இது பிள்ளைக்குப் புதுச் செய்தி. இடமிருந்து வலமாக விரலை ஓட்டி முதல் ஒலியை வாயில் தயார் செய்துகொண்டு படிக்கப் பழக்கினால் 'வாஸ்', 'சா' குழப்பம் குறையும்.

டிஸ்லெக்சியாவுக்கு எழுத்து திரும்புவதைவிட வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும்: வாயால் சொல்லும்போது ஒலியைப் பிரிக்க முடிகிறதா? 'பஸ்' என்ற சொல்லில் முதல் ஒலி என்ன, 'சன்' சொல்லில் ஸ் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும், இந்த மாதிரி. முறையாகச் சொல்லிக்கொடுத்தும் ஏழு வயதைத் தாண்டியும் இது வரவே இல்லை, தமிழிலும் அதே திணறல், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்தது என்றால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, இதற்காகவே பல வருடமாக இயங்குகிற அமைப்பு.

இன்னொன்று, ஆங்கிலம் எல்லாப் பிள்ளைக்கும் மெதுவாகத்தான் வரும். 2003இல் ஃபிலிப் சைமோர் குழு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டது. ஃபின்னிஷ், ஜெர்மன், கிரேக்கம் மாதிரி மொழிகளில் பழகிய சொற்களில் நூற்றுக்கு 90க்கு மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 தான். தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே அந்தக் கதி, யூகேஜியில் நம் பிள்ளையை ஏன் விரட்டுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

பூவரசு:
அப்பாடா, நன்றி. தமிழிலும் சைட் வேர்ட்ஸ் மாதிரி ஒரு பட்டியல் உண்டா? தமிழ் எழுதுவது போலவே படிப்பது என்பதால் தேவையில்லை என்கிறார்களே.

சாக்பீஸ்:
எழுதுவது போலவே படிப்பது என்பது முக்கால்வாசி உண்மை. 'பந்து', 'கம்பு', 'கோபம்' மூன்றிலும் ஒரே ப-தான், ஒலி வேறு. ஆனால் இது பிள்ளைக்குச் சிரமமே இல்லை, பேசத் தெரிந்த சொல் என்பதால் வாய் தானாக மாற்றிக்கொள்கிறது.

பட்டியல் போட்டால் ஆங்கிலம் அளவுக்குப் பயன் வராது. 'மரம்' படித்துவிட்டால் மரத்தை, மரத்தில், மரங்களிலிருந்து என்று வந்து நிற்கும், எதைப் பட்டியலில் எழுதுவது? ஒரு, அந்த, இந்த, என்று, ஆனால், மட்டும், போல இவைதான் மாறாமல் வரும், அவற்றைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் சிக்கல் வேறு இடத்தில். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரிக்கிறோம் இல்லையா, அரும்பிலிருந்து மொட்டுக்கு வரும் பிள்ளை 'இ-ரு-க்-கி-ற-து' என்று ஆறு எழுத்தையும் சரியாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்து முழிக்கும். வீட்டில் அந்தச் சொல் 'இருக்கு'. படித்து முடித்தது தனக்குத் தெரிந்த சொல்தான் என்பதே அதற்குத் தெரியாது. மலைக்கோட்டை சார் 'ஆஃப்' பற்றிச் சொன்னாரே, ஏறக்குறைய அதே நிலைமை, தாய்மொழியிலேயே.

இதற்குச் சொல் பட்டியலைவிட முடிவுகளைப் பிடிப்பது உதவுகிறது. கரும்பலகையில் 'கிறது' என்று ஒரு பக்கம் எழுதி, முன்னால் இருக், வரு, போ, ஓடு, தூங்கு என்று மாற்றி மாற்றி வைப்பேன். படித்ததும் "வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்பேன். 'வருது', 'போவுது', 'ஓடுது' என்று ஆளுக்கொன்று கத்துவார்கள், விழுப்புரம் பேச்சும் புதுச்சேரி பேச்சும் கலந்து வரும். அடுத்த வாரம் 'கிறார்கள்', அதற்கு அடுத்து 'லிருந்து'. நீளமான சொல்லைப் பார்த்து மலைப்பது இதில் குறைகிறது, ஏனென்றால் பின்பாதி பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது, முன்பாதியை மட்டும் கூட்டினால் போதும். உங்கள் மகனுக்கு வீட்டிலேயே செய்து பாருங்கள், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும், கடையில் கார்டு வாங்க வேண்டாம்.